மின்மீட்டரில் இருபது இலக்கம் எதற்கு? டர்பன் எந்திரங்கள் பற்றி ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குக் குடிவந்து சில மாதங்களே ஆன ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டு ப்ரீபெய்டு மின்மீட்டர் இருபது இலக்கம் அடிக்கச் சொல்கிறது, ஒன்று பிசகினால் காரணம் சொல்லாமல் தள்ளிவிடுகிறது. மாலில் பார்க்கிங் காசு கட்டும் எந்திரத்தின் முன் நின்றால் எந்த ஓட்டையில் எதைப் போடுவதென்று புரிவதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடுகிறது. கடையில் கார்டு மெஷின் "செக்கா, சேவிங்ஸா, கிரெடிட்டா" என்கிறது. "நான் பி.இ. படித்தவன், எனக்கே இப்படி. வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா, இல்லை எனக்குத்தான் புத்தி மட்டா?" இதில் அவர் உண்மையில் கேட்பது, இந்தச் சிரமத்தில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு யாரோ அக்கறை காட்டாததால் வந்தது என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். புத்தி மட்டா என்பதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடலாம்: இல்லை.

நான் பல வருஷமாக இங்கே பணம் வாங்கும், பணம் கொடுக்கும் எந்திரங்களின் திரைகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆட்களை எந்திரத்தின் முன் நிறுத்தி, கை எங்கே தயங்குகிறது, கண் எதைத் தேடுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் தொழில். திரை, பட்டன், ஓட்டை, விளக்கு இவை பற்றி நான் சொல்வதை நம்பலாம். மீட்டருக்குள் இருக்கும் சங்கேத முறை என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்வது தர ஆவணங்களில் எல்லோருக்கும் கிடைக்கும் அளவுக்குத்தான்.

மீட்டரிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதிகம் திட்டியிருப்பது அதைத்தான். ஓரளவு நியாயம் இருப்பதும் அதன் பக்கம்தான். இங்கே பெரும்பாலான வீடுகளில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. சிம் கார்டு இல்லை, இன்டர்நெட் இல்லை, மாநகராட்சி அலுவலகத்தோடு பேச வழியில்லை. கடையில் நீங்கள் 200 ராண்ட் கட்டியது அதற்குத் தெரியாது. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் தபால்காரர் நீங்கள்தான். 1990-களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல்முறையாக மின்சாரம் போய்ச் சேர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நிறவெறிக் காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட குடியிருப்புகளான டவுன்ஷிப்புகள் பலவற்றில் தொலைபேசி இல்லை, ஒழுங்கான தெரு முகவரி இல்லை, மாதாமாதம் ரீடிங் எடுத்து பில் அனுப்பி வசூலிப்பது நடக்காத காரியம். அந்தத் தேவைக்காக இங்கேயே உருவானதுதான் எஸ்டிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டோக்கன் முறை. காசு கட்டியதும் ரசீதில் வரும் அந்த இருபது இலக்க எண்தான் டோக்கன். பிறகு அந்த முறை, மின்சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் ஐஇசி அமைப்பின் 62055 வரிசையில் சர்வதேசத் தரமாகி, இன்று பல நாடுகளில் கோடிக்கணக்கான மீட்டர்களில் ஓடுகிறது. தென்னாப்பிரிக்கா உலகத்துக்குக் கொடுத்த பொறியியல் சரக்குகளில் இது பெரியது. உள்ளூரில் இதற்கு வசவு மட்டும்தான் கிடைக்கிறது.

டோக்கனுக்குள் எத்தனை யூனிட், எந்த நேரத்தில் உருவானது, சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண் இவையெல்லாம் சேர்ந்து, உங்கள் மீட்டருக்கு மட்டுமே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கின்றன. மொத்தம் 66 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 66 குறிகள். 66 பிட்டைச் சாதாரண எண்ணாக எழுதினால் இருபது இலக்கம் வரும், அவ்வளவுதான் ரகசியம். பழைய ரசீதுகள் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: எந்த டோக்கனும் 8-இலோ 9-இலோ தொடங்கியிருக்காது. 66 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணே 7378 என்றுதான் தொடங்கும். இலக்கத்தைக் குறைக்கலாமே என்றால், குறைக்கக் குறைக்கப் பூட்டு பலவீனமாகும். யாராவது உட்கார்ந்து எண்களை ஊகித்து அடித்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இருபது இலக்கம் அடிப்பது என்பது, இணைப்பே இல்லாத ஒரு பெட்டியை நம்பகமாக இயக்குவதற்கு நாம் கொடுக்கும் விலை. இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

இந்தப் பூட்டினால் உங்களுக்கும் ஒரு நிம்மதி உண்டு. ஓர் இலக்கம் பிசகினால் பணம் போய்விடாது. தப்பான எண் வேறொரு தொகையாக மீட்டரில் ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நடைமுறையில் அப்படி நடக்க வாய்ப்பில்லை. ஏற்கெனவே ஏற்றிய டோக்கனை மறுபடி அடித்தால் மீட்டர் ஞாபகம் வைத்திருந்து தள்ளிவிடும். உங்கள் டோக்கன் பக்கத்து வீட்டு மீட்டரில் ஏறாது, எனவே கசக்கிப் போட்ட ரசீதை யாராவது பொறுக்கினாலும் அவருக்கு உபயோகமில்லை. சில மீட்டர்கள் பல தடவை தப்பாக அடித்தால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். காத்திருந்து மறுபடி அடிக்கலாம்.

இதுவரை சொன்னது தவிர்க்க முடியாத பகுதி. இனி சொல்வதற்கு அந்தச் சாக்கு செல்லாது. ரசீதில் நம்பர் நாலு நாலாகப் பிரித்து அச்சாகிறது. மனிதக் கண்ணுக்கு அதுதான் சௌகரியம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மீட்டரின் சின்னத் திரையிலோ, என் கையில் பட்ட பலவற்றில், கடைசியாக அடித்த சில இலக்கங்கள் மட்டும் ஒட்டி ஒட்டி நகர்ந்துகொண்டிருக்கும். பதின்மூன்றாவது இலக்கத்தில் கதவு மணி அடித்துத் திரும்பிப் பார்த்தீர்கள் என்றால், எங்கே விட்டோம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. நாலுக்கு நாலு இடைவெளி விடுவதற்கும், இது மூன்றாம் தொகுதி என்று காட்டுவதற்கும் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தப்பாக அடித்த இலக்கத்தை அழிக்க ஒரு மாடலில் நட்சத்திரப் பட்டன், இன்னொன்றில் அம்புக்குறி. மிச்சம் எத்தனை யூனிட் என்று பார்க்கும் குறுக்குக் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வீடு மாறினால் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

மறுக்கும் விதம்தான் எல்லாவற்றிலும் மோசம். இங்கே மீட்டருக்கும் கொஞ்சம் நியாயம் செய்துவிடுகிறேன். நீங்கள் இலக்கத்தைத் தப்பாக அடித்ததையும், வேறு வீட்டு டோக்கனை அடித்ததையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் அதற்குத் தெரிவது பூட்டு திறக்கவில்லை என்பது மட்டும். ஆனால் பூட்டு திறந்து, உள்ளே இருப்பது ஏற்கெனவே பயன்படுத்திய டோக்கன் என்றோ, நாள் கடந்த டோக்கன் என்றோ தெரிந்தால் அதைத் தெளிவாகச் சொல்லலாம். நல்ல மாடல்கள் சொல்கின்றன. மற்றவை எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு விளக்கை எரிக்கின்றன, அல்லது ஒரு கீச்சுச் சத்தம். இன்னொரு பொறி: மீட்டர் வெளியே கம்பத்திலோ தெருப்பெட்டியிலோ இருந்து, வீட்டுக்குள் நம்பர் அடிக்கும் சின்ன விசைப்பலகை மட்டும் இருக்கும் வகை. யூனிட் தீர்ந்து கரண்ட் போன பிறகு சில வகை விசைப்பலகைகளுக்கு உயிர் கொடுப்பது உள்ளே இருக்கும் சாதாரண பேட்டரிதான். அது பச்சை பூத்துக் கிடந்தால் நீங்கள் சரியான டோக்கனைத்தான் அடிப்பீர்கள், வெளியே இருக்கும் மீட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆட்கள் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார்கள். டோக்கன் ஏறவில்லை என்றால் முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். கண்ணாடி போடாமல் ரசீதைப் படிக்கமாட்டார். பேத்தி நாலு நாலாகப் படிக்க, இவர் விரல் தட்டும், ஒரு கணம் நிற்கும், மறுபடி தட்டும். திரையைப் பார்ப்பதே இல்லை. மற்ற வீட்டுக்காரர்களும் ஏறாத டோக்கனை அவரிடம் கொண்டுவருவார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டங்களில் மேலாளர்கள் "எல்லாரும் பழகிட்டாங்களே, இப்ப எதுக்கு மாத்தணும்?" என்று கேட்கும்போது அவர்கள் கைகாட்டுவது இந்த ஆயா மாதிரி ஆட்களைத்தான். எந்திரம் தரவேண்டிய இடைவெளியை அந்தப் பேத்தியின் குரல் தருகிறது. கெட்டிக்காரத்தனம் அவர்களுடையது, பாராட்டு எந்திரத்துக்குப் போகிறது.

2024-இல் நடந்ததையும் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும். நீங்கள் அதற்குப் பிறகு வந்தவர் போலத் தெரிகிறது. டோக்கன் உருவான நேரத்தை 1993 ஜனவரி 1-இலிருந்து நிமிடக் கணக்காக 24 பிட்டில் எழுதிவந்தார்கள். 24 பிட்டில் 1,67,77,216 நிமிடம்தான் கொள்ளும், அதாவது கிட்டத்தட்ட 32 வருஷம். அந்தக் கணக்கு 2024 நவம்பர் 24-இல் தீர்ந்தது. கணக்கைப் புதிதாகத் தொடங்க, அதற்குள் நாட்டின் ஒவ்வொரு ப்ரீபெய்டு மீட்டரிலும் சாவியை மாற்றியாக வேண்டும். மீட்டருக்குத்தான் வெளித்தொடர்பு இல்லையே, அதனால் இந்த வேலையும் மக்கள் விரலில் வந்து விழுந்தது. அடுத்த முறை மின்சாரம் வாங்கும்போது ரசீதில் ஒன்றுக்குப் பதில் மூன்று நம்பர்: முதல் இரண்டும் சாவி மாற்ற, மூன்றாவதுதான் யூனிட். மொத்தம் அறுபது இலக்கம், கொடுத்த வரிசையிலேயே அடிக்க வேண்டும். நான் பார்த்த ரசீது ஒன்றில் மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எதை முதலில் அடிப்பது என்பது மேலே பொடி எழுத்தில் ஒரு வரி. மூன்றாவதை முதலில் அடித்தால் ஏறாது, ஏனென்றால் அது புதிய சாவியால் பூட்டியது. அறுபது இலக்கம் தவிர்க்க முடியாதது என்பதை ஒத்துக்கொள்கிறேன். "முதலில் இது", "பிறகு இது", "கடைசியில் இது" என்று பெரிதாக அச்சடிக்காததற்கு எந்தப் பொறியியல் காரணமும் இல்லை.

கார்டு மெஷின் விஷயம் இதைவிட வேடிக்கை. தென்னாப்பிரிக்க வங்கிகள் 2020 டிசம்பர் 31-ஓடு காசோலையை முழுக்க நிறுத்திவிட்டன. எழுதவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஆனாலும் கடை மெஷின் உங்களைப் பார்த்து "செக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அது கேட்பது வங்கியின் உள் கணக்கில் உங்கள் கார்டு எந்த வகைக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பது. வாடிக்கையாளர் மனதில் அப்படி ஒரு பிரிவினையே இல்லை. அவருக்கு இருப்பது ஒரு கார்டு, அதில் கொஞ்சம் பணம். எந்திரத்தின் உள்கட்டமைப்பு அப்படியே வெளியே ஒழுகி வந்து நம்மிடம் கேள்வியாக நிற்கும் இந்த நோயைத்தான் என் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன். சம்பளம் வந்து விழும் சாதாரணக் கணக்கின் டெபிட் கார்டு என்றால் பொதுவாகச் செக் என்பதை அழுத்துங்கள், சேமிப்புக் கணக்கின் கார்டு என்றால் சேவிங்ஸ், கடன் அட்டைக்குக் கிரெடிட். கார்டைச் செருகாமல் தட்டிக் கட்டினால் பெரும்பாலும் இந்தக் கேள்வியே வராது. பார்த்தீர்களா, கேட்காமலும் வேலை நடக்கிறது!

இப்போது பார்க்கிங் எந்திரம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கோபமும் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே வரும்போது தடுப்புக் கட்டையருகே டிக்கெட் எடுக்கிறோம், திரும்பும்போது காருக்குப் போகும் முன் எந்திரத்தில் காசு கட்டுகிறோம், வெளியே போகும்போது அதே டிக்கெட்டைக் கட்டையருகே கொடுக்கிறோம். புதிதாக வந்தவருக்கு முதல் சிக்கல் எந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது: காரில் உட்கார்ந்து வாசலுக்கு வந்த பிறகுதான் காசு கட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார். அது எந்திரத்தின் தப்பில்லை, அறிவிப்பின் தப்பு. எந்திரத்தின் முன்னால் நின்றால் டிக்கெட்டுக்கு ஓர் ஓட்டை, நோட்டுக்கு ஒன்று, நாணயத்துக்கு ஒன்று, கார்டு செருக ஒன்று, கார்டு தட்ட ஓர் இடம், ரசீது வரும் வாய், மீதிச் சில்லறை விழும் கிண்ணம். பார்வைக்கு எல்லாமே ஒரே முக்கியத்துவம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு விளக்கு மினுக்குகிறது.

ஏன் இப்படி என்றால், பல எந்திரங்கள் ஒரே கையால் செய்யப்பட்டவை அல்ல. நோட்டு வாங்கும் பாகம் ஒரு கம்பெனி, கார்டு பாகம் வேறு கம்பெனி, டிக்கெட் படிப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் தன் விளக்கோடு, தன் ஒலியோடு வருகிறது. பெட்டி செய்பவர் அவற்றுக்கு இடம் வெட்டிப் பொருத்துகிறார். "இப்போது டிக்கெட்டைப் போடும் நேரம், மற்ற விளக்குகளை அணை" என்று அதட்டிச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும். அந்த வேலையை யாருக்கும் கொடுக்காவிட்டால் எல்லா விளக்கும் எரியும். நல்ல எந்திரம் எது, மோசமான எந்திரம் எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: முகப்பில் செலோடேப் போட்டு ஒட்டிய தாள்களைப் பாருங்கள். "முதலில் டிக்கெட்", "அம்புக்குறி மேலே", "இங்கே கார்டு போடாதீர்கள்". எந்திரத்தைத் தினமும் கவனிக்கும் காவலாளி, நூறு பேருக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய் ஒட்டியது அது. டிசைனர் விட்ட வேலையை அவர் முடித்திருக்கிறார். என்னைக் கேட்டால் ஒரு புதிய மாடலைச் சோதிக்கும் முன் அந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து வந்தாலே பாதி அறிக்கை எழுதிவிடலாம். 2023 மே மாதம் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி புதிய வடிவ நோட்டும் நாணயமும் வெளியிட்டபோது இத்தகைய எந்திரங்கள் எல்லாவற்றையும் புதுப் பணத்துக்குப் பழக்க வேண்டியிருந்தது. அப்போது சில இடங்களில் இன்னொரு தாள் ஏறியது.

இந்த ஊரில் மோசமான எந்திரங்கள் தாக்குப்பிடிப்பதற்கு மனிதர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், அளந்து பார்த்ததில்லை. பார்க்கிங்கில் மஞ்சள் மேலாடை போட்டு, நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்ளும் காவலர் ஒருவர் இருப்பார், தடுமாறினால் வந்து காட்டிக்கொடுப்பார். பெட்ரோல் பங்கில் நாமே நிரப்பும் வழக்கம் இங்கே இல்லை, ஊழியர்தான் நிரப்புகிறார். மற்ற நாட்டுக்காரர்கள் திட்டித் தீர்க்கும் பெட்ரோல் பம்ப் திரைகள் நமக்கு அறிமுகமே ஆகவில்லை. பக்கத்தில் உதவ ஆள் இருக்கும்வரை எந்திரத்தின் குறை யார் காதுக்கும் எட்டாது.

ஆனால் ஏடிஎம் முன்னால் மட்டும் அந்த உதவி ஆபத்து. திரை குழப்பி நீங்கள் தடுமாறி நிற்கும்போது "நான் காட்டுறேன்" என்று வந்து, கார்டை மாற்றிக்கொண்டு, பின் நம்பரையும் பார்த்துவிட்டுப் போகும் மோசடி இங்கே மிகச் சாதாரணம். எனவே ஏடிஎம் திரை தெளிவாக இருப்பது சௌகரியம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. முகம் தெரியாத ஒருவர் நெருங்கினால் கேன்சலை அழுத்தி, கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கார்டு வெளியே வரவில்லையென்றால் அங்கேயே நின்று வங்கிக்கு போன் செய்து முடக்குங்கள்; வங்கி நம்பரை முன்கூட்டியே போனில் பதிந்துவையுங்கள், அருகில் நிற்பவர் கொடுக்கும் நம்பரை நம்பாதீர்கள்.

ஏடிஎம்முக்கு நல்ல பக்கமும் உண்டு. 1967 ஜூன் 27-இல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த எந்திரத்தைத்தான் பொதுவாக முதல் ஏடிஎம் என்பார்கள். அதற்குக் காரணமான ஜான் ஷெப்பர்ட்-பாரன், நம் ஷில்லாங்கில் பிறந்தவர், பின் நம்பருக்கு ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். தனக்கு நாலுதான் ஞாபகம் இருக்கும் என்று மனைவி சொல்லிவிட்டதால் நாலு ஆக்கினேன் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு ஆளை வைத்து நடந்த சோதனை, ஆனால் சரியான ஆளை வைத்து நடந்தது. அப்புறம், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கார்டைத் தரும் எந்திரங்களில் ஆட்கள் கார்டை மறந்து போனார்கள். வந்த வேலை பணம். அது கையில் விழுந்ததும் மனது கிளம்பிவிடும். கார்டை எடுத்தால்தான் பணம் என்று வரிசையை மாற்றியதும் அந்த மறதி வெகுவாகக் குறைந்தது. ஒரு எச்சரிக்கை வாசகம்கூடச் சேர்க்காமல் சாதித்தது இது.

நம்பர் பட்டன்கள் பற்றி ஒரு வரி. ஏடிஎம், போன், உங்கள் மீட்டர் இவற்றில் 1-2-3 மேல் வரிசையில் இருக்கும். கால்குலேட்டரிலும் கம்ப்யூட்டர் விசைப்பலகையின் வலப்பக்கத்திலும் 7-8-9 மேலே. போன் வரிசையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் பல அடுக்குகளை வைத்துச் சோதித்து 1960-இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல அடுக்குகளுக்குள் வேகத்தில் வித்தியாசம் சொற்பம்தான். அலுவலகத்தில் கணக்கு அடித்துப் பழகிய கை மீட்டரில் 7-க்குப் பதில் 1 அடிப்பது, இரண்டிலும் வரிசை தலைகீழாக இருப்பதால்தான். உங்கள் டோக்கன் தவறுகளில் 1-ம் 7-ம், 3-ம் 9-ம் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள்.

ரோபோவில், அதாவது ட்ராஃபிக் சிக்னலில், நடப்பவர்கள் அழுத்தும் பட்டன் உண்மையில் வேலை செய்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். உறுதியாகத் தெரிந்தது ஒன்று: நியூயார்க் நகரில் இப்படிப்பட்ட 3250 பட்டன்களில் 2500-க்கு மேல் சும்மா ஒப்புக்கு இருந்தன என்று 2004-இல் செய்தி வந்தது. சிக்னல்களைக் கம்ப்யூட்டர் நேரக் கணக்குக்கு மாற்றியவர்கள், செலவு கருதிப் பட்டன்களைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். டர்பனில் உங்கள் தெருமுனையில் இருப்பது எந்த வகை என்பதை வெளியே நின்று சொல்ல முடியாது. அழுத்திய பின் ஒரு விளக்காவது எரிந்தால் கொஞ்சம் நம்பலாம். அழுத்தினால் பதிலே சொல்லாத பட்டனைப் பொது இடத்தில் வைப்பது என்னைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். பொது எந்திரங்களில் சதியை நான் கண்டது அபூர்வம். கண்டதெல்லாம் டெண்டர். எந்திரத்தை வாங்குபவர் ஒருவர், அதன் முன் நிற்பவர் இன்னொருவர். மழை படலாமா, கம்பியால் நெம்பினால் தாங்குமா, கணக்கு எந்த மென்பொருளோடு ஒட்டும், விலை என்ன என்று நூறு நிபந்தனை எழுதியிருப்பார்கள். முதல்முறை பயன்படுத்துபவர் இத்தனை நிமிடத்துக்குள் யார் உதவியும் இல்லாமல் முடிக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லி நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். சிலர் சேர்த்தார்கள். சேர்த்த இடங்களில் அதே கம்பெனிகளே நல்ல எந்திரம் கொண்டுவந்தன, விலையும் அப்படியொன்றும் ஏறவில்லை. அறியாமையோ திறமைக்குறைவோ அல்ல, கேட்பாரில்லாததுதான் பிரச்சினை என்று நான் சொல்வது இந்த அனுபவத்தை வைத்து. இதற்கு விலக்கு ஒன்று உண்டு: வேண்டாம் என்பதைச் சின்னதாகவும், காப்பீடு சேர்த்துவிடு என்பதைப் பெரிதாகவும் வைக்கும் திரைகள். அவை தெரிந்தே செய்தவை.

நம் இந்தியாவிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்திய வாக்குப்பதிவு எந்திரம், நம் எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தபோது அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தாரே, அதுதான். பெயர், சின்னம், பக்கத்தில் நீலப் பட்டன். அழுத்தினால் அந்த வரியிலேயே சிவப்பு விளக்கு, நீண்ட ஒரு பீப். அத்தோடு பூட்டிக்கொள்ளும்; இரண்டாம் முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் இதில் பாடம் கேட்காமல் வாக்களிக்கிறார்கள். ஒப்பீடு முழுக்க நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும்: அதற்கு ஒரே ஒரு வேலை, பக்கத்திலேயே ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார், பணம் வாங்கி மீதி கொடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அழுத்தியது எது, நடந்தது என்ன என்பதை அழுத்திய இடத்திலேயே சொல்வது பார்க்கிங் எந்திரத்துக்கும் முடியாத காரியமில்லை.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியது. டோக்கன் அடிக்கும்போது யாரையாவது நாலு நாலாகப் படிக்கச் சொல்லுங்கள், தனியாக இருந்தால் அடித்து முடித்த தொகுதியை ரசீதில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசி யூனிட் வரை காத்திருக்காமல் வீட்டில் கரண்ட் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். நீங்கள் குடிவந்த வீடு ரொம்ப நாள் பூட்டிக்கிடந்தது என்றால், அந்த மீட்டரில் சாவி மாற்றாமலே இருக்கலாம்; அப்படியானால் எத்தனை முறை அடித்தாலும் புது டோக்கன் ஏறாது, மாநகராட்சி மின்சாரப் பிரிவில் மீட்டர் எண்ணைச் சொல்லிச் சாவி மாற்றும் இரண்டு டோக்கனை வாங்க வேண்டும். புகார் எழுதும்போது "எந்திரம் குழப்புகிறது" என்று எழுதினால் எங்கள் மேசைக்கு வரும் முன்பே யாராவது மூடிவிடுவார்கள். எந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் எண், நேரம், அப்போது திரையில் இருந்த வாசகம் எழுத்துப் பிசகாமல், நீங்கள் என்ன செய்ய நினைத்து எதை அழுத்தினீர்கள் என்பது, முடிந்தால் ஒரு போட்டோ, இவ்வளவும் இருந்தால் யாராவது உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.